பீஸ்டி பாய்ஸ் - தி மிக்ஸ்-அப் (2007): ஒரு வரி கூட ராப் இல்லை, நான் ஏமாந்துவிட்டேனா?

மழைநாள் ரசிகன் | பதிவு 1

போன வாரம் பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் இது கண்ணில் பட்டது. பீஸ்டி பாய்ஸ் என்று பெயரைப் பார்த்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். இந்த நியூயார்க் கோஷ்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். 1986இல் வந்த 'லைசென்ஸ்ட் டு இல்', போலீஸ் வேஷம் போட்டு ஓடும் 'சபோடாஜ்' வீடியோ, அப்புறம் 'இன்டர்கேலக்டிக்'. மூன்று பேர் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வரியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கத்துவார்கள், அதுதானே இவர்கள்?

வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தேன். ட்ரம்ஸ், பேஸ், ஆர்கன். இதோ குரல் வரும், சரி அடுத்த பாட்டிலாவது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்துவிட்டது. கடைக்காரர் உறைக்குள் வேறு தட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டாரோ என்று லேபிளை விளக்கடியில் பிடித்துப் படித்தேன். சரியான தட்டுதான்.

மோசம் என்று சொல்லவில்லை. சமைக்கும்போது ஓடவிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய்ஜாலத்துக்குப் பேர் போனவர்கள் எதற்கு வாயைக் கட்டிக்கொண்டு ஃபங்க் (தாளமும் பேஸும் முன்னால் நிற்கும் அமெரிக்க ஆட்ட இசை) வாசிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய ஊசி | பதிவு 2

சமைக்கும்போது போட்டால் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. அந்த ஆல்பத்துக்கு அதைவிடச் சுருக்கமான விமர்சனம் கிடையாது.

நான் இந்த வகை இசையை நாற்பது வருடமாகக் கேட்கிறேன். மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் 1962லேயே 'கிரீன் ஆனியன்ஸ்' போட்டுவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் தி மீட்டர்ஸ் 1969இல் 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' போட்டார்கள். ஹாமண்ட் ஆர்கன் என்றால் ஜிம்மி ஸ்மித். இவ்வளவு இருக்கும்போது, ராப்பில் காசு பார்த்தவர்கள் ஓய்வு நேரத்தில் வாசித்துப் பார்த்ததை நான் ஏன் கேட்க வேண்டும்? ஜிகபூ மாடெலிஸ்ட் மீட்டர்ஸில் ட்ரம்ஸ் வாசித்தால் அடுத்த அடி எங்கே விழும் என்று ஊகிக்கவே முடியாது. இந்த மூவரில் ட்ரம்ஸ் வாசிக்கும் மைக் டி வாசித்தால் நான்கு மாத்திரைக்கு முன்பே தெரிந்துவிடும்.


நாலாவது தந்தி | பதிவு 3

பழைய ஊசி சார், கடைசி வாக்கியம் வரை உங்களோடு ஒத்துப்போகிறேன். 'ஓய்வு நேரத்தில்' என்பது மட்டும் சரியில்லை. இவர்கள் வாத்தியத்தில் ஆரம்பித்துத்தான் ராப்புக்கு வந்தார்கள்.

1981இல் இவர்கள் ஹார்ட்கோர் பங்க் குழு (ஃபங்க் இல்லை; வேகமும் கூச்சலுமான ராக்). 1982இல் வந்த முதல் தட்டு 'பாலி வாக் ஸ்ட்யூ' முழுக்க பங்க். அதை வெளியிட்ட சின்ன கம்பெனியின் பெயர் ரேட் கேஜ். (ரசிகன், உங்கள் தட்டில் எட்டாவது ட்ராக்கின் பெயரைப் பாருங்கள்.) பிறகு ராப், டெஃப் ஜாம் கம்பெனி, தயாரிப்பாளர் ரிக் ரூபின். 'லைசென்ஸ்ட் டு இல்' பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம். அந்த நேரத்தில் மேடையில் இவர்கள் கையில் மைக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அடுத்து 1989இல் 'பால்ஸ் பொட்டீக்'. டஸ்ட் பிரதர்ஸ் என்ற தயாரிப்பாளர்களுடன் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பிள்களை (பிறர் தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளை) அடுக்கிச் செய்தது. இன்றைக்குத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், அன்றைக்கு விற்பனையில் படுத்துவிட்டது. கம்பெனியும் இவர்களை மறந்துவிட்டது, அதுவே நல்லதாகப் போனது. லாஸ் ஏஞ்சலஸில் அட்வாட்டர் வில்லேஜ் என்ற பகுதியில் ஓர் இடத்தைப் பிடித்து ஜி-சன் என்று ஸ்டுடியோ போட்டார்கள். உள்ளே கூடைப்பந்து வளையம், ஸ்கேட்போர்டு ஓட்டச் சறுக்குமேடை, நடுவில் வாத்தியங்கள். மூவரில் மைக் டி ட்ரம்ஸ், யாக் பேஸ், ஹோரோவிட்ஸ் கிட்டார். கீபோர்டுக்கு மணி மார்க். அவர் முதலில் வந்தது தச்சராக. கேட் ரிப்பேர் செய்ய வந்தவர் ஸ்டுடியோவில் மரவேலை செய்தார், அப்புறம் ஆர்கன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே மணிக்கணக்காக வாசித்துப் பதிந்ததில் விளைந்ததுதான் 1992இன் 'செக் யுவர் ஹெட்'. அதற்குள்ளேயே வாத்தியம் மட்டும் உள்ள ட்ராக்குகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் 'க்ரூவ் ஹோம்ஸ்', ஆர்கன் கலைஞர் ரிச்சர்ட் 'க்ரூவ்' ஹோம்ஸின் பெயர். 1994இன் 'இல் கம்யூனிகேஷன்'இல் 'சப்ரோசா', 'ரிக்கிஸ் தீம்' எல்லாம் அதே ரகம். 1996இல் இவற்றைத் தொகுத்துத் தனித் தட்டாகவே விட்டார்கள். ஆகவே 2007இல் வந்தது திடீர் ஆசை இல்லை. பதினைந்து வருடமாக ராப் பாட்டுகளுக்கு இடையே ஒளித்து வைத்ததை ஒரு முறை வெளியே எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.


மழைநாள் ரசிகன் | பதிவு 4

ரேட் கேஜ்! உறையை எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. 'தி கசின் ஆஃப் டெத்' என்றும் ஒன்று இருக்கிறதே, அது ராப்பர் நாஸ் 1994இல் எழுதிய, தூக்கம் சாவின் ஒன்றுவிட்ட சகோதரன் என்ற அந்த வரியிலிருந்துதானே? வாயைத் திறக்காமலே ராப் பேசியிருக்கிறார்கள் போல.


பழைய ஊசி | பதிவு 5

வரலாறு எல்லாம் சரி. ஆனால் இவர்கள் வாத்தியத்தை எடுத்ததற்குக் காரணம் கலைத்தாகம் என்று நம்பச் சொல்லாதீர்கள். ராப்பர் பிஸ் மார்க்கி வழக்கில், அனுமதி வாங்காமல் சாம்பிள் எடுப்பது திருட்டு என்று நியூயார்க் நீதிபதி அடித்துச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சாம்பிளுக்குக் காசு கொடுத்து மாளாது, நாமே வாசித்துவிடுவோம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு இது.


நாலாவது தந்தி | பதிவு 6

தேதி இடிக்கிறது சார். அந்தத் தீர்ப்பு 1991 டிசம்பர். 'செக் யுவர் ஹெட்' 1992 ஏப்ரலில் கடைக்கு வந்துவிட்டது. தீர்ப்புக்குப் பயந்து கிட்டார் வாங்கி, வாசிக்கக் கற்று, ஆல்பம் முடித்து, நான்கு மாதத்தில் அச்சடித்தும் விட்டார்களா? அதோடு அந்த ஆல்பத்தில் சாம்பிளும் ஏராளம். இரண்டையும் கலந்துதான் செய்தார்கள்.

ஆனால் வழக்கு என்று பேச்சு வந்ததால், இவர்கள் மேலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு அது.

'செக் யுவர் ஹெட்'இல் உள்ள 'பாஸ் தி மைக்' பாட்டில் ஒரு புல்லாங்குழல் துண்டு வரும். ஜாஸ் புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டனின் 'கொயர்' என்ற உருப்படியிலிருந்து எடுத்தது. மொத்தம் ஆறு வினாடி. அதில் அவர் குழலில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே வாயால் மூன்று சுரம் பாடுவார். நம் கணக்கில் சொன்னால் குழலில் ஷட்ஜம் நிற்கிறது, மேலே ச, சுத்த ரிஷபம், மறுபடி ச. அவ்வளவுதான். அந்த ஆறு வினாடியை லூப் போட்டுப் பாட்டு முழுக்க நாற்பது முறைக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள்.

ஒலிப்பதிவின் உரிமை வைத்திருந்த இசிஎம் கம்பெனிக்கு 1000 டாலர் கொடுத்து முறையாக அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆனால் ஒலிப்பதிவு வேறு, அதில் வாசிக்கப்படும் இசையமைப்பு வேறு. இசையமைப்பின் உரிமை நியூட்டனிடம் இருந்தது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் 2000இல் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் சொன்னது இதுதான்: ஒலிப்பதிவுக்கு அனுமதி இருக்கிறது, மீதி இருப்பது மூன்று சுரம், மூன்று சுரத்துக்காக மட்டும் வழக்கு நிற்காது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. நியூட்டனின் கலை அந்த ச ரி ச-வில் இல்லை. ஒரே மூச்சில் ஊதிக்கொண்டு பாடும்போது குழலும் குரலும் உரசி எழும் அந்த மூன்றாவது ஒலியில் இருக்கிறது. அதைச் சுரக்குறியில் எழுத முடியாது. எழுத முடியாததால் சட்டத்தின் கணக்கில் அது 'இசையமைப்பு' ஆகவில்லை. ஒரு கர்நாடக வித்வானின் கமகத்தை எடுத்துவிட்டுச் சுரத்தை மட்டும் எண்ணிப் பார்த்த மாதிரி.


ஸ்காபரோ பொடியன் | பதிவு 7

அண்ணை, அந்தக் கமக உவமை நல்லாக இருக்குது. ஆனால் வழக்கில் அவர் பக்கம் வென்றிருந்தால் பாதி ஹிப்-ஹாப் இழுத்து மூடவேண்டி வந்திருக்கும், அதையும் யோசியுங்கோ.

நம்மவர் சம்பந்தம் ஒன்று சொல்லவா? மிக்ஸ்-அப் வந்த காலத்தில் அதே ட்ராக்குகளுக்கு வேறு வேறு ஆட்களைப் பாட வைத்து ஒரு குரல் பதிப்பும் விடலாம் என்று கதைத்தார்கள். அந்தப் பேச்சில் அடிபட்ட பெயர்களில் ஒன்று ஈழத்துத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ., எங்கட மாயா. கடைசியில் அது வரவே இல்லை. நான் இன்றைக்கும் இரண்டாவது ட்ராக்கைப் போட்டு அவர் குரலை மனதுக்குள்ளே ஓட்டிப் பார்ப்பேன். பொருந்துது.


கைத்தாளம் | பதிவு 8

பழைய ஊசி சார் இரண்டாம் பதிவில் சொன்னதற்கு ஒரு ட்ரம்மர் பதில் சொல்லவில்லையே என்று இருந்தது. இருபது வருடமாக வாசிக்கிறேன், எனவே என் முறை.

மைக் டியின் அடி எங்கே விழும் என்று முன்பே தெரிந்துவிடும், உண்மை. அதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். அவர் அப்படி வாசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இவர்கள் வாழ்க்கை முழுக்கக் கேட்டது என்ன? பழைய ஃபங்க் தட்டுகளில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று ட்ரம்ஸ் மட்டும் தனியாக ஓடும் இரண்டு அல்லது நான்கு சுற்று. பிரேக் என்பது அதுதான். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசிப்பாரே, அது. (எத்தனையோ ராப் பாட்டுகளில் அந்தத் துண்டு இருக்கிறது, அவருக்கு அதற்காக ராயல்டி வரவில்லை. அது தனிச் சோகம்.) அந்த இரண்டு சுற்றை வெட்டி ஒட்டி ஐந்து நிமிடம் ஓட்டுவது ஹிப்-ஹாப். அதைக் கேட்டே வளர்ந்த ஒருவன் ட்ரம்ஸில் உட்கார்ந்தால் லூப் மாதிரிதான் வாசிப்பான். ஃபில் (சுற்று முடிவில் போடும் உருட்டு) போட மாட்டான், அலங்காரம் செய்ய மாட்டான், அதே இரண்டு சுற்றை விடாமல் ஓட்டுவான். இயந்திரம் மனிதனைப் பார்த்துச் செய்ததை மனிதன் திரும்ப இயந்திரத்தைப் பார்த்துச் செய்கிறான்.

இது சுலபம் என்று நினைத்தால் முயன்று பாருங்கள். நானும் நண்பர்களும் ஒரு நாள் ஒத்திகை அறையில் 'க்ரூவ் ஹோம்ஸ்' வாசித்துப் பார்த்தோம். முதல் பிரச்சினை சத்தம். என் ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் முக்கிய ட்ரம்) கோயில் மணி மாதிரி ஒலித்தது. அந்தக் காலத்துத் தட்டுகளில் ஸ்நேர் 'டப்' என்று வறண்டு நின்றுவிடும். பேஸிஸ்ட் தன் பர்ஸை எடுத்து ஸ்நேர் தோலின் ஓரத்தில் வைத்தார். பாதி சரியாயிற்று. காலால் அடிக்கும் கிக் ட்ரம்முக்குள் ஒரு போர்வையைத் திணித்தோம். மீதியும் சரியாயிற்று. இரண்டாவது பிரச்சினை என் கை. ஒரு நிமிடம் தாண்டியதும் ஏதாவது செய்யத் துடிக்கிறது. எட்டாவது சுற்று முடியும்போது ஒரு உருட்டு உருட்டினேன், மொத்தமும் கலைந்துவிட்டது. கீபோர்டு வாசித்தவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

எதுவும் செய்யாமல் இருக்க அன்றைக்குத்தான் பழக ஆரம்பித்தேன். மூன்று மாதம் பிடித்தது.


மழைநாள் ரசிகன் | பதிவு 9

அக்கா, இதைப் படித்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். ட்ரம்ஸ் சும்மா ஓடுகிறது என்று நினைத்த இடத்தில் எல்லாம் ஸ்நேரில் மிக மெல்ல ஏதோ சின்னச் சின்னத் தட்டல் கேட்கிறது. விரலால் மேசையைத் தட்டுவது போல. அது என்ன?


கைத்தாளம் | பதிவு 10

கோஸ்ட் நோட். குச்சியைக் கையால் அடிக்காமல் அதன் எடையிலேயே விழ விடுவது. பெரிய அடிகளுக்கு நடுவே அது இல்லாவிட்டால் ஃபங்க் நடக்காது, நொண்டும். சமையலறை ஸ்பீக்கரில் கேட்காது :)


பழைய ஊசி | பதிவு 11

கைத்தாளம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ட்ரம்ஸ் விஷயத்தில் பாதி வாபஸ்.

ஆனால் இந்த ஆல்பத்தை யாராவது சோல் ஜாஸ் என்று எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சோல் ஜாஸ் ஆர்கன் ட்ரியோ என்றால் ஆர்கன், கிட்டார், ட்ரம்ஸ். பேஸ் வாசிக்க ஆளே கிடையாது. ஜிம்மி ஸ்மித் இடது கையாலும் காலாலும் பேஸைப் பார்த்துக்கொண்டே வலது கையால் பறப்பார். க்ரூவ் ஹோம்ஸுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை, அவர் இடது கை பேஸ் அப்படி. இவர்களிடம் ஆர்கனும் இருக்கிறது, தனியாக பேஸ் கிட்டாரும் இருக்கிறது. இது புக்கர் டி, மீட்டர்ஸ் வழி. ஆர்கன் இருப்பதெல்லாம் சோல் ஜாஸ் ஆகாது.


நாலாவது தந்தி | பதிவு 12

நான் பேஸ் வாசிப்பவன், இந்த இடத்தில் விட முடியாது. :)

சார், 'ரூட் டவுன்' ஞாபகம் இருக்கிறதா? 1972 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளப்பில் நேரடியாகப் பதிந்த ஜிம்மி ஸ்மித் ஆல்பம். (கிளப்பின் பெயர் பாம்பே பைசைக்கிள் கிளப், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.) அதில் பேஸ் யார்? தி குரூசேடர்ஸ் ஜாஸ் குழுவின் வில்டன் ஃபெல்டர், எலெக்ட்ரிக் பேஸ். சாக்ஸஃபோன் கலைஞர்தான், ஆனால் அன்றைக்கு பேஸ் பிடித்தார். ஜிம்மி ஸ்மித்தே பேஸை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு ஆர்கனில் சும்மா குத்திக் குத்தி வாசித்த ஆல்பம் அது.

இப்போது பீஸ்டி பாய்ஸ் 1994இல் 'ரூட் டவுன்' என்று பாட்டுப் போட்டார்கள். பெயரையும் எடுத்தார்கள், அதே ஆல்பத்திலிருந்து சாம்பிளும் எடுத்தார்கள். அவர்கள் காதில் விழுந்த ஜிம்மி ஸ்மித், நீங்கள் சொல்கிற 1950களில் ப்ளூ நோட் கம்பெனிக்கு வாசித்த ஜிம்மி ஸ்மித் இல்லை. இந்த 1972 ஆள்தான். ஆர்கனும் தனி பேஸும் சேர்ந்த ஒலி அவர்களுக்கு அங்கேயிருந்து வந்திருக்கலாம் என்பது என் கட்சி. யாக்கின் பேஸ் மிக்ஸ்-அப் முழுவதும் முன்னால் நிற்பதைக் கேளுங்கள். மணி மார்க்கின் ஆர்கன் பல இடங்களில் சந்தம் போடும் வேலைதான் செய்கிறது.


பழைய ஊசி | பதிவு 13

ரூட் டவுன் தட்டு கைக்கெட்டும் அலமாரியில்தான் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஃபெல்டர்தான். சரி.


டேப் சுத்தும் சங்கு | பதிவு 14

தாமதமாக வருகிறேன். ராப் ஆட்கள் ஃபங்க் வாசித்ததில் இவர்கள் மட்டும்தானா? பிலடெல்ஃபியாவின் தி ரூட்ஸ் ஆரம்பத்திலிருந்தே மேடையில் முழு பேண்ட். ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் மேட்லிப் 2001இல் யெஸ்டர்டேஸ் நியூ குவின்டெட் என்ற பெயரில் ஒரு ஜாஸ் ஆல்பம் போட்டார். குவின்டெட் என்று பெயர், உறையில் ஐந்து பெயர், ஆனால் ஐந்து பேரும் அவரே. அதைக் கேட்டால் மிக்ஸ்-அப் எனக்குக் கொஞ்சம் சைவமாகத்தான் படுகிறது. ரொம்ப சுத்தம்.


நாலாவது தந்தி | பதிவு 15

சுத்தம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதுதான் இந்த ஆல்பத்தில் எனக்கே உள்ள மனத்தாங்கல். 1992, 1994 ட்ராக்குகளில் ஓர் அழுக்கு இருந்தது, ஒலிப்பதிவாளர் மரியோ கால்டாட்டோ பதிந்த விதத்தில் அறையே கேட்கும். நியூயார்க்கில் சொந்த ஸ்டுடியோவில் பதிந்த மிக்ஸ்-அப்பில் எல்லாம் தெளிவாக, அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, அந்த இரண்டு ஆல்பங்களிலும் ஒரு வாத்திய ட்ராக் வந்தால் முன்னும் பின்னும் கூச்சல் இருக்கும். ரகளைக்கு நடுவே மூச்சு விட ஒரு திண்ணை. மிக்ஸ்-அப்பில் 12 ட்ராக்கும் திண்ணை. வீடு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

ரூட்ஸோடு ஒப்பிடுவது சரியில்லை. அவர்களின் குவெஸ்ட்லவ் முழுத்தேர்ச்சி உள்ள ட்ரம்மர். பீஸ்டி பாய்ஸ் மூவரும் வாத்தியத்தில் நடுத்தரம், அது தெரிந்தே தங்கள் எல்லைக்குள் நின்று வாசித்தவர்கள்.


ஸ்காபரோ பொடியன் | பதிவு 16

கிராமியை ஒருத்தரும் சொல்லவில்லையே? 2008இல் சிறந்த பாப் வாத்திய ஆல்பம் என்று இதற்குத்தான் கொடுத்தவர்கள். 1999இல் இதே ஆட்களுக்கு ராப்பில் ஒன்று, ஆல்டர்னேட்டிவில் ஒன்று. எந்தப் பெட்டியில் போடுவது என்று அவர்களுக்கும் விளங்கவில்லை போல.

2007இல் இதற்கென்றே தனிக் கச்சேரிகளும் வைத்தவர்கள். ராப் கிடையாது, வாத்தியம் கூடுதல், மூன்று பேரும் கோட்டு சூட்டு. பார்க்க வருகிற சனத்தையும் நல்லாக உடுத்திக்கொண்டு வரச் சொன்னவர்கள். கல்யாண வீட்டு பேண்ட் மாதிரி நின்றிருப்பார்கள்.


கைத்தாளம் | பதிவு 17

யாக் 2012 மே மாதம் புற்றுநோயில் போய்விட்டார், 47 வயது. அதோடு குழுவையும் முடித்துக்கொண்டார்கள். அந்த பேஸை இனி யாரும் நேரில் கேட்க முடியாது என்பதால் எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. முதல் ட்ராக்கில் அந்த பேஸ் உள்ளே வரும் இடம் போதும், நான் விமர்சனம் எழுத லாயக்கில்லை.


மழைநாள் ரசிகன் | பதிவு 18

இரண்டு நாளாக இந்தத் தட்டு மட்டும்தான். சமையலறையில் இல்லை, உட்கார்ந்து. இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் திட்டுங்கள். ஒவ்வொரு ட்ராக்கிலும் குரலுக்கு ஒரு இடம் காலியாகவே விட்டிருக்கிற மாதிரி இருக்கிறது. வேறு வாத்தியக் குழுவாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சோலோ வந்திருக்கும். இவர்கள் அதை நிரப்பவே இல்லை. நேற்று இரவு என்னை அறியாமல் 'சபோடாஜ்' வரிகளை அதன் மேல் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வேகம் ஒத்துவரவில்லை, அது வேறு விஷயம்.

தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. அடுத்து எதை வாங்கலாம்? 1996 தொகுப்பா, மீட்டர்ஸா?


டேப் சுத்தும் சங்கு | பதிவு 19

மீட்டர்ஸ். யோசிக்காதே.


நாலாவது தந்தி | பதிவு 20

1996 தொகுப்பு, 'தி இன் சவுண்ட் ஃப்ரம் வே அவுட்'. பெயரையும் அட்டையையும் 1966இல் பெர்ரி-கிங்ஸ்லி இரட்டையர் போட்ட மின்னணு இசை ஆல்பத்திலிருந்து அப்படியே சுட்டிருப்பார்கள். அட்டையைக் கூட சாம்பிள் எடுத்தவர்கள். அதைக் கேட்டுவிட்டு மீட்டர்ஸுக்குப் போ.


பழைய ஊசி | பதிவு 21

இரண்டையும் அப்புறம் வாங்கலாம், தம்பி. ரூட் டவுன் முதலில். இங்கே அசல் 1972 அச்சு இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போட்டுக் காட்டுகிறேன். தனி மடலில் முகவரி அனுப்புகிறேன். வரும்போது அந்த மிக்ஸ்-அப்பையும் எடுத்து வாருங்கள், பேஸை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ரூட் டவுனை வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.